கம்பிக்கு இந்தப் பக்கம்

போன ஆடி மாதம் சித்தப்பாவின் மகள் ஜேர்மனியிலிருந்து வந்தாள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு யாழ்ப்பாணம் போவதற்கு முன் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு முதல் நாள் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "அக்கா, நீங்கள் எயார்போர்ட்டுக்கு வர வேண்டாம். பிளேன் இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். உங்கட நித்திரையைக் குழப்பாதேங்கோ. நான் டாக்சி புக் பண்ணிட்டன்." நான் இரண்டு மூன்று தடவை மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, பிள்ளையின் விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

நித்திரை மட்டும் வரவில்லை. டோகாவிலிருந்து வரும் விமானம் அரபிக்கடலைத் தாண்டுவதைப் போனில் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மஞ்சள் நிறத்தில் சின்ன விமானப் படம், பல்லி மாதிரி மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து கட்டுநாயக்காவில் நின்றது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஒழுங்கைக்குள் வாகன வெளிச்சம் திரும்பியது. இறங்கிப் போனேன். அவள் சாரதிக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தாள், மீதிச் சில்லறை இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், பெட்டி ஒன்று டிக்கியில் இறுகிப்போய் வர மறுத்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மேலே வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மாரி பிஸ்கட்டை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள், அவளுடைய அப்பாவைப் போலவே. பயணம் எப்படி என்று கேட்டேன். நல்லது என்றாள். பிறகு, பெரிய விஷயமாக இல்லாமல், வழியில் மழை பெய்தது என்று சொல்வதுபோல, அளந்து அளந்து பேசும் தன் தமிழில் ஒன்று சொன்னாள்.

"வெளியில வந்த உடனே நிறையப் பேர் நிக்கினம், அக்கா. கதவு திறந்த உடனே எல்லாரும் என்னைப் பார்த்தினம். பிறகு எல்லாரும் கண்ணை எடுத்திட்டினம்."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. குளித்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் குசினியில் அப்படியே இருந்தேன். அவள் ஊர் போய், திருவிழா பார்த்து, திரும்பி ஜேர்மனிக்கும் போய்விட்டாள். அந்த வாக்கியம் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எயார்போர்ட் வாசலில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். கண்ணை எடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. வேறு ஒருவருக்காக நிற்கும்போது, எங்கள் ஆள் இல்லை என்று தெரிந்த அந்த நொடியிலேயே பார்வையை அடுத்தவர் மேல் போட்டுவிடுவோம். அது அந்தப் பக்கத்தில் நடந்து வருகிறவருக்கு என்ன செய்யும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

வெள்ளவத்தையில் வீடு

யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றில் யாராவது ஒருவருக்கு வெள்ளவத்தையில் வீடு இருந்தால், எயார்போர்ட் அவர்களுடைய பொறுப்பு. இதை யாரும் கூடிப் பேசித் தீர்மானிப்பதில்லை. நான் 1997இல் கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தேன். வந்து மூன்றாம் மாதமே லண்டன் மாமியைக் கூட்டிவரப் போனேன். அதற்குப் பிறகு கனடாவிலிருந்து, சுவிஸிலிருந்து, பாரிஸிலிருந்து, அவுஸ்திரேலியாவிலிருந்து எத்தனை பேர் என்று கணக்கு வைக்கவில்லை. சொந்தம் மட்டுமில்லை, அம்மாவோடு படிப்பித்த ஆசிரியையின் மகன், எங்கள் ஊர் ஐயரின் மருமகன், ஒரு தடவை என்ன முறை என்றே தெரியாத ஒருவர். "அவருக்கு அங்கே ஒருத்தரும் இல்லை, பிள்ளை" என்று அம்மா சொன்னால் அது போதும்.

வான்கார நானாவும் அந்தக் காலத்திலிருந்தே எங்களோடு. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொன்னதே இல்லை. அப்போது அதிவேகப் பாதை கிடையாது. கோட்டையைத் தாண்டி, பேலியகொடை, வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவை என்று ஒவ்வொரு சந்தியாக நின்று நின்று போக வேண்டும். பகலில் இரண்டு மணித்தியாலம் எடுத்த நாட்களும் உண்டு. 2013 ஒக்டோபரில் பேலியகொடையிலிருந்து புதிய பாதை திறந்தார்கள். 25.8 கிலோமீற்றர், முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரமாக, இருபது நிமிடத்தில் கட்டுநாயக்கா. ஆனால் நானா வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தை மாற்றவே இல்லை. இப்போது விமானம் இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னாலேயே அங்கே நிற்போம். ஏன் நானா இவ்வளவு அவசரம் என்று ஒரு நாள் கேட்டேன். "நாங்க நின்டு அவங்க வரலாம், டீச்சர். அவங்க நின்டு நாங்க வரக் கூடாது" என்றார்.

கம்பியோரம் நின்று பழகியவர்களுக்குச் சில விஷயங்கள் தானாகத் தெரிந்துவிடும். பலகையில் 'தரையிறங்கியது' என்று விழுந்தால் உடனே எழும்பி ஓடுகிறவர்கள் புதியவர்கள். அதற்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசை இருக்கிறது, பெட்டி வரும் பட்டி இருக்கிறது, சுங்கம் இருக்கிறது. முக்கால் மணித்தியாலத்துக்கு முன் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக இறங்கினால் ஒன்றரை மணித்தியாலமும் ஆகும். யார் எந்த விமானம் என்பதைப் பெட்டியில் சுற்றியிருக்கும் வெள்ளைச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தடித்த குளிர் ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வெக்கையில் முகம் சிவந்து வருகிறவர்கள் வந்தால் ஐரோப்பாக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். கறுத்த அபாயா போட்ட பெண்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக வந்தால் குவைத் அல்லது ரியாத். சந்தேகம் என்றால் வருகிறவரையே கேட்பதுதான்: "எந்தப் பிளேன், தம்பி?" ஒருவரும் கோபிப்பதில்லை. அந்த நேரத்தில் சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் பதில் வரும்.

அப்புறம் அந்தக் குளிர்சாதனப் பெட்டிகள். வேறு எந்த நாட்டு விமான நிலையத்தில் இப்படி இருக்கிறதோ தெரியாது. கட்டுநாயக்காவில் வந்திறங்கியதும் உள்ளேயே தீர்வையில்லாக் கடைகளில் பிரிட்ஜ், தொலைக்காட்சி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் விற்கிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் அதை வாங்கி ட்ரொலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். காட்போட் பெட்டி ஆளைவிட உயரமாக இருக்கும். பெட்டிதான் முதலில் கதவால் வரும். பின்னால் யார் தள்ளுகிறார் என்று தெரியாது. கம்பியோரம் நிற்கும் குடும்பங்கள் பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்க்கும். ஒரு தடவை மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் என் பக்கத்தில் நின்றது. தகப்பன், பாட்டி, நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை. பிள்ளைக்குப் புதுச் சட்டை, தலையில் கனகாம்பரம். தாய் வந்தாள். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினாள். பிள்ளை பாட்டியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. தாய் நீட்டிய கையை மடக்கவில்லை. அப்படியே குந்தியிருந்தாள். நான் அன்று கூட்டிவர வேண்டியவர் அதற்குள் வந்துவிட்டதால் மீதியைப் பார்க்க முடியவில்லை. பிள்ளை கடைசியில் தாயிடம் போனதா இல்லையா என்று இப்போதும் சில நேரம் நினைப்பேன்.

வெள்ளை வான்

எல்லாக் காலத்திலும் போய் நிற்க முடிந்ததில்லை. 2001 ஜூலையில் விமான நிலையத்தில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பாதையில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை தடவை இறங்கி ஏறினோம் என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னுடைய அடையாள அட்டை யாழ்ப்பாணத்தில் எடுத்தது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதியது. அந்தக் காலத்தில் தெற்கில் கொடுத்த அட்டைகளில் தமிழ் இருக்காது. ஆகவே அட்டையை நீட்டியதுமே, பெயரை வாசிக்க முன்னமே, நான் யார் என்று தெரிந்துவிடும். பிறகு கேள்விகள். யாரைக் கூட்ட வந்தாய், அவர் உனக்கு என்ன முறை, எப்போது போனவர், ஏன் போனவர்.

2007 மார்ச்சில் பக்கத்து விமானப்படைத் தளத்தில் குண்டு விழுந்ததற்குப் பிறகு, "இனி இரவில நீங்க வராதீங்க டீச்சர், நான் போய்க் கூட்டிட்டு வாறேன்" என்று நானா சொல்லிவிட்டார். அடுத்த வருடம் கனடா மாமி வந்தபோது அவர் தனியாகத்தான் போனார். ஒரு காட்போட் துண்டில் மாமியின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமி வெளியே வந்தார், பெயரைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், வாகனம் எங்கே என்று கேட்டார். நானா காட்டினார். வாகனம் வெள்ளை வான்.

கொழும்பில் அந்த நாட்களில் வெள்ளை வான் என்றால் என்ன என்பது டொரொன்டோவிலிருந்த மாமிக்கும் தெரியும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வராத வான். மாமி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரடியும் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். நானாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை. நாலடி தள்ளி நின்று எனக்குப் போன் எடுத்து, போனை மாமியின் ட்ரொலியில் வைத்துவிட்டுத் திரும்பவும் பின்னால் போய் நின்றாராம். "பிள்ளை, நீதானோ?" என்று மாமி கேட்ட குரல் நடுங்கியது. நான்தான் மாமி என்றேன். நம்பவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் மரம் என்ன என்று கேட்டார். தேசிக்காய் மரம் என்றேன். அதற்குப் பிறகுதான் ஏறினார்.

அன்றிலிருந்து நானா தனியாகப் போகும்போதெல்லாம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவேன். என் கையெழுத்தில், வருகிறவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை வைத்து. அப்படிப் பத்துப் பன்னிரண்டு கடிதம் எழுதியிருப்பேன். பெயர் எழுதிய அட்டையை யாரும் பிடிக்கலாம். மாமிக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

2019 ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் கூட்டிவருகிறவர்களை உள்ளே விடவில்லை. 2020 மார்ச்சில் விமான நிலையத்தையே மூடினார்கள். வழமையான பயணிகளுக்கு அது 2021 ஜனவரியில்தான் திறந்தது. அவ்வளவு நீண்ட காலம் ஒருவரையும் கூட்டப் போகாமல் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் விலகுங்கோ, ராசா"

இதுவரை நான் எழுதியதெல்லாம் இதை எழுதுவதற்காகத்தான். 2003ஆம் ஆண்டு ஆவணி.

சித்தப்பா 1985இல் போனவர். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. கட்டுநாயக்காவிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். கிழக்கு பெர்லினில் இறங்குவதற்கு விசா பிரச்சினை இல்லை. இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குப் போய் அகதியாகப் பதிந்துவிடலாம். எங்கள் பொடியன்கள் நிறையப் பேர் அந்த வழியால்தான் ஜேர்மனிக்குப் போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அவரை வழியனுப்ப அப்பாச்சி யாழ்ப்பாண ரயில் நிலையம் வரைக்கும்தான் வந்தார். கொழும்புக்கு வர விடவில்லை.

பிறகு பதினெட்டு வருடம். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சித்தப்பா அடுத்த வருடம் வருவதாக எழுதினார். அப்பாச்சிக்கு அப்போது எழுபத்தெட்டு. "அவன் ஊருக்கு வரும் வரைக்கும் நான் வீட்டில இருக்கமாட்டன்" என்று ஒரே பிடி. முழங்கால் வலியோடு முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, வரிசையில் நின்று, சாமான்களைப் பிரித்துக் காட்டி, முதல் நாளே பக்கத்து வீட்டாரோடு கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டார். அப்பா வீட்டைப் பார்க்க வேண்டியிருந்ததால் வரவில்லை. நானும் அப்பாச்சியும்தான் போனோம்.

விமானம் ஒன்றரை மணித்தியாலம் தாமதம். இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குதிக்காலை உயர்த்திப் பார்ப்பார். ஒரு கண்ணில் புரை வெட்டியிருந்தது, மற்றக் கண் இன்னும் வெட்டவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை; அதற்குள் வாழையிலையில் சுற்றிய ஏதோ ஒன்று. என்ன என்று கேட்டேன். "உனக்கில்லை" என்றார்.

சித்தப்பா வந்தார். எனக்கு உடனே தெரிந்தது. கலியாணப் படம், பிள்ளைகளின் பிறந்தநாள் படம் எல்லாம் பார்த்திருந்தேனே. நாற்பத்தொரு வயது. முன்தலை முழுக்க வழுக்கை, உடம்பு வைத்திருந்தது, தடித்த கண்ணாடி. அந்தப் படங்களை அப்பாச்சியும் பார்த்தவர்தான். சுவாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சித்தப்பா எங்களைக் கண்டுவிட்டார். ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு நேரே வந்து, அப்பாச்சிக்கு முன்னால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அப்பாச்சி இடதுபக்கம் சரிந்து அவருக்குப் பின்னால் பார்த்தார். பிறகு வலதுபக்கம் சரிந்தார். பிறகு, யாரோ ஒரு பயணியிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்:

"கொஞ்சம் விலகுங்கோ, ராசா. மகன் வாறான்."

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார், வேண்டாம் என்று. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு விலகினார். கம்பியின் முடிவு வரைக்கும் போய்ச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். வந்து அப்பாச்சிக்குப் பக்கத்தில், அவரைப் போலவே கம்பியில் கையை வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். கதவு திறந்தது, மூடியது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாச்சி கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் நின்றவரிடம் பேசினார். "ஜேர்மனியில இருந்து வாறான். பதினெட்டு வரியம்." சித்தப்பா, "எப்பிடி இருப்பார்?" என்று கேட்டார். குரலை மாற்றிக் கேட்டாரோ, அல்லது குரல் தானாகவே அப்படி வந்ததோ தெரியாது. "மெல்லிசு. தலைமயிர் நல்ல அடர்த்தி. நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனவன்."

"அந்தச் சேட்டு இப்ப இல்லை, அம்மா."

அப்பாச்சி திரும்பினார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை கதவைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையைத்தான் நான் இருபத்திரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். மகன் பக்கத்தில் நிற்கிறான், கை கையில் இருக்கிறது, பிறகு ஏன் கதவைப் பார்க்க வேண்டும்? கண் பழக்கத்தில் போயிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் நிலையத்தில் அவர் வழியனுப்பிய அந்த இருபத்துமூன்று வயதுப் பொடியன் அந்தக் கதவால் வரவே இல்லை. இனி வரப்போவதுமில்லை. அது அப்பாச்சிக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். வானில் வெள்ளவத்தை வரும் வரைக்கும் மணிக்கட்டை விடவில்லை. சீதுவையில் நானா செவ்விளநீர் வாங்க நிறுத்தியபோதும், சித்தப்பா ஒரு கையாலேயே குடித்தார். வாழையிலைக்குள் இருந்தது பனங்காய்ப் பணியாரம்; வழி நெடுக அப்பாச்சி ஒரே கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை திரும்பவும் மூடியது. அடுத்த வருடம் அப்பாச்சி போய்விட்டார். சித்தப்பாவாலும் வர முடியவில்லை, என்னாலும் போக முடியவில்லை.

எதற்காக நிற்பது

தங்கச்சி டாக்சி எடுத்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். என்னுடைய நித்திரையை நினைத்தாள், நானாவின் வயதை நினைத்தாள், வீண் செலவு என்று நினைத்தாள். அதுவும் அன்புதான். இப்போது போனிலேயே வாகனம் வருகிறது, சாரதியின் பெயர், வண்டி இலக்கம் எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. பலாலியிலும் இப்போது சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. சென்னை வந்து அங்கிருந்து நேரே பலாலியில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் கட்டுநாயக்காவில் போய் நிற்கத் தேவையில்லாத காலம் வந்துவிட்டது என்று என் மகனே சொல்கிறான். பெட்டி தூக்குவதற்கும் வழி காட்டுவதற்கும்தான் போகிறோம் என்றால் அவன் சொல்வது சரி.

நான் அதற்காகப் போகவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து, அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்குத் தெளிவாகியது. பதினைந்து மணித்தியாலம், இருபது மணித்தியாலம் பயணம் செய்து வருகிற ஒருவரை வழி முழுக்கக் கடவுச்சீட்டாகவும் ஆசன இலக்கமாகவும்தான் பார்த்திருப்பார்கள். கதவு திறக்கிறது. நூறு கண்கள் ஒன்றாக நிமிர்ந்து பார்க்கின்றன. அந்த நூறில் இரண்டு கண் மட்டுமாவது விலகாமல் நிற்க வேண்டும். டாக்சிக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது அவருடைய வேலை இல்லை. அன்று வந்தவள் தகப்பனோடு இரண்டு தடவை வந்தவள். இரண்டு தடவையும் நான் நின்றேன். சித்தப்பா செத்து மூன்று வருடம். இது அவள் தனியாக வந்த முதல் தடவை. அன்றைக்குப் பார்த்து நான் நிற்கவில்லை. நித்திரை கொள்ளாமல் வீட்டில் படுத்துப் போனில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் நான் போயிருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பிப் போன நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு இரவு தங்கினாள். அன்று இரவுதான் 2003ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னேன். சித்தப்பா ஒரு தடவைகூட அவர்களுக்குச் சொல்லவில்லையாம். அப்பாச்சி எயார்போர்ட்டுக்கு வந்தவர் என்று மட்டும் தெரியும். "அப்பா எந்தப் பக்கம் நின்றவர்?" என்று கேட்டாள். இடதா வலதா என்று கேட்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பாச்சிக்கு வலதுபக்கம் என்றேன். கையை எப்படி வைத்திருந்தார் என்று கேட்டாள். மேசை விளிம்பில் வைத்துக் காட்டினேன்.

அடுத்த நாள் இந்த முறை மறுப்பே இல்லை. நானாவின் வானில்தான் போனோம். வேண்டியதைவிட ஒரு மணித்தியாலம் முன்னாலேயே புறப்பட வேண்டும் என்று அவளே சொன்னாள். நானா அவளை மெச்சிப் பேசிக்கொண்டே ஓட்டினார். புறப்பாட்டுப் பக்கம் பெட்டிகளை இறக்கியதும், "நானா கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும், அக்கா. நாங்கள் அந்தப் பக்கம் ஒருக்காப் போய்வருவம்" என்றாள்.

கட்டடத்தை எத்தனையோ தடவை மாற்றிவிட்டார்கள். அந்தப் பழைய கம்பி இப்போது இல்லை. ஏறக்குறைய இந்த இடம்தான் என்று காட்டினேன். ஒரு தடுப்பு இருந்தது. அதில் இரண்டு கையையும் வைத்தாள். நான் அவளுக்கு இடதுபக்கம் நின்றேன். துபாய் விமானம் ஒன்றும் சென்னை விமானம் ஒன்றும் இறங்கியிருந்தன. ஒரு குடும்பம் மொட்டை அடித்த தலைகளோடு வந்தது, திருப்பதியாக இருக்க வேண்டும். பிறகு ஒரு காட்போட் பெட்டி, பின்னால் ஒரு பெண், அவளுக்காக எட்டுப் பேர். பெயர் அட்டை பிடித்த சாரதிகள் இரண்டு மூன்று பேர் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு பொடியன் வந்தான். இருபது வயது இருக்கும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. கதவால் வந்ததும் நின்று, கூட்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

தங்கச்சி கதவைப் பார்க்கவில்லை. அவன் எங்களைக் கடந்தான், டாக்சிக் கவுன்டரடியில் நின்று ஏதோ கேட்டான், அவர்கள் கை காட்டிய பக்கம் திரும்பினான். நேரமாகிவிட்டது, போவோம் என்று நான் அவளுடைய கையைத் தொட்டேன். "ஒரு நிமிசம், அக்கா" என்றாள். அவன் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.